இடது பக்கப் பின்சீட்டு

நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் திருவையாற்றைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து முக்கால் மணி நேரம் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். அறுவடைக் காலத்தில் அது பொய். திருவையாறு வரைக்கும் பாலம் பாலமாக ஏறி இறங்கினாலும் சாலை நன்றாகவே இருக்கும். அதற்கப்புறம் பிரிகிற சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் வயல். எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் தாரை விட்டு மண்ணில் இறங்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான். எதிரே வருவது என்னுடையதைப் போன்ற சின்ன கார் என்று தெரிந்தால் யாரும் ஹார்ன்கூட அடிப்பதில்லை, வந்துகொண்டே இருப்பார்கள்.

கார் பழையது. ஏழு வருடம் இன்னொருவர் ஓட்டியதை வாங்கி நான் நான்கு வருடமாக ஓட்டுகிறேன். காலையில் என்னோடு இரண்டு பேர் வருவார்கள். முன்சீட்டில் எங்கள் நிலையத்து க்ளார்க் சார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. முட்டியை மடக்க முடியாது என்று சொல்லி முதல் நாளே முன்சீட்டைப் பிடித்துக்கொண்டவர். பின்சீட்டில் லேப் டெக்னீஷியன் அக்கா. அவர் கரந்தையில் ஏறுவார். சாலையோரமாக இருக்கும் இடது பக்கக் கதவைத் திறந்து அங்கேயே உட்கார்ந்துவிடுவார். உள்ளே நகர்ந்து உட்காருவது அவருக்குச் சிரமம். அக்கா பெரிய உடம்புக்காரர். அவர் ஏறும்போது கார் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாயும். அந்த நொடியில் நானும் க்ளார்க் சாரும் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்போம்.

ஐப்பசி மழை முடிந்த கையோடு பின்பக்கத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் பாலம் ஏறும் இடங்களில் மட்டும் லொடக் என்று ஒரு சத்தம். பிறகு வேகத்தடைகளில். கார்த்திகை முடிவதற்குள் சாலையில் ஒரு கல் கிடந்தால்கூடச் சொல்லிவிட்டுத்தான் வண்டி தாண்டியது. வண்டி எதையாவது தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை எழும்பி எழும்பி இறங்கும்.

"டிக்கியில ஸ்டெப்னி ஆடுது மேடம்" என்றார் க்ளார்க் சார். வண்டியை நிறுத்தி ஸ்டெப்னியை இறுக்கினேன். சத்தம் போகவில்லை. "அப்ப ஜாக்கியா இருக்கும்" என்றார். ஜாக்கியைப் பழைய புடவையில் சுற்றி வைத்தேன். சத்தம் போகவில்லை. "சாமான் எதுவும் இல்லைன்னா சத்தமே வராதே" என்றார், ஏதோ நான் வேண்டுமென்று உள்ளே எதையோ ஒளித்து வைத்திருப்பது மாதிரி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை.

பெரிய பலகை மாட்டியிருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். காரை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து "சத்தம் எதுவும் வரலையே மேடம்" என்றார்கள். அவர்கள் ஓட்டிய சாலை அப்படி, மாவட்ட ஆட்சியர் போகிற சாலை. சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்து, கேட்காமலேயே தண்ணீர் அடித்துக் கழுவி அனுப்பினார்கள். மறுநாள் காலை பளபளவென்று இருந்த காரில் அதே லொடக்.

இன்னொரு இடத்தில் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் போய்விட்டது என்று அதை மாற்றினார்கள். ரப்பர் போயிருந்தது உண்மைதான். சத்தம் அதிலிருந்து வரவில்லை என்பதும் உண்மை. என் கணவரிடம் சொன்னால், "பாட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கிட்டுப் போ" என்றார். அவர் பேருந்தில் போகிறவர். தினமும் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வருகிறவர். அவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது.

தை பிறந்து அறுவடை தொடங்கியது. எங்கள் சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் அறுவடை இயந்திரமும் நெல் லாரியும் வந்தன. நான் ஒரு நாளைக்கு இருபது முறை தாரை விட்டு இறங்கி ஏறினேன். ஒவ்வொரு முறையும் பின்னால் இரும்பு இரும்போடு மோதும் சத்தம். பல்லைக் கடித்துக் கடித்து தாடை வலித்தது.

நாஞ்சிக்கோட்டை சாலையில் ஒரு மெக்கானிக் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்கள் நர்ஸ் ஒருவர் சொல்லி அங்கே போனேன். அவர் காரை ஓட்டிப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் வந்து டிக்கியின் மேல் இரண்டு கையையும் வைத்து ஓர் அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். கார் மேலே வந்தது, கீழே போனது, மறுபடியும் மேலே வந்தது.

"ஒரு தடவை அழுத்தினா ஒரு தடவைதான் எழும்பணும்" என்றார். "ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சு. ரப்பர் புஷ்ஷும் தேஞ்சிருக்கும். அதான் சத்தம்." குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "லெஃப்ட்டு ரொம்ப மோசம். எண்ணெய் மொத்தமும் வழிஞ்சு கெடக்கு."

மூன்று மாதமாக யாரும் சொல்லாததை ஒருவர் அரை நிமிடத்தில் சொன்னதும் எனக்கு அவர் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், யாரும் கேட்காமலேயே, "அந்தப் பக்கம்தான் அண்ணே வெயிட்டான அம்மா ஒருத்தங்க தினமும் உக்கார்றாங்க" என்று சொன்னேன்.

அவர் "ஓ" என்றார். சாமான் திருச்சியிலிருந்து வர வேண்டும், வந்ததும் போன் செய்கிறேன் என்றார்.

போன் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. திருவையாற்றுக் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தோம். என் போன் கார் ஸ்டீரியோவோடு இணைந்திருந்தது. மெக்கானிக் பெயரைப் பார்த்ததும் ஆவலாக ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தானை நானே அழுத்தினேன்.

"மேடம், சாமான் வந்துடுச்சு" என்று அவர் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. "நாளைக்கே வண்டிய எடுத்துட்டு வாங்க. நீங்க சொன்னீங்கள்ல, லெஃப்ட்ல பின்னாடி வெயிட்டான அம்மா ஒருத்தங்க உக்கார்றாங்கன்னு. அதான் நல்ல ஹெவியான செட்டாக் கேட்டு வாங்கியிருக்கேன். இனிமே எவ்வளவு வெயிட்டு ஏத்தினாலும் ஒண்ணும் ஆவாது."

பொத்தானை அழுத்தி நிறுத்த எனக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆனது என்று தெரியவில்லை. விரல் அதன் மேல்தான் இருந்தது. "சரிண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் க்ளார்க் சார் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "இந்த வருஷம் சம்பா பரவால்ல போலிருக்கு" என்றார். நான் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதில் பார்க்காமல் எப்படி வண்டி ஓட்டினேன் என்பதும் தெரியவில்லை. சுகாதார நிலையத்து வாசலில் அக்கா இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லேபுக்குப் போனார். அவர் ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாலையில் பக்கத்து ஊரில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று அவர் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. "இன்னைக்கு பஸ்ல வந்துடறேன்மா." அதற்கடுத்த நாளும் அதே செய்தி. மூன்றாம் நாள் செய்தியே இல்லை.

"நீங்க அதை மெக்கானிக்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது மேடம்" என்றார் க்ளார்க் சார். இதைச் சொல்ல இவருக்கு என்ன தகுதி என்று எனக்கு வந்த கோபத்தில் கியர் மாற்றுவதே தவறிப்போனது. அக்கா இல்லாத ஒரு நாள், "இன்னைக்கு வண்டி லேசாப் போவுது பாருங்க" என்று சொல்லிச் சிரித்தவர் இவர். நானும் கூடச் சிரித்தேன். அது ஞாபகம் வந்ததால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

மதியம் லேபுக்குப் போனேன். அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார்.

"அக்கா, அன்னைக்கு அந்த மெக்கானிக்..."

"ஸ்லைடு பாத்துட்டிருக்கேன்மா. அப்புறம் பேசுவோம்."

அப்புறம் பேசினார். இந்த மாதம் சர்க்கரை மாத்திரை எவ்வளவு வந்திருக்கிறது, சோதனைக் குப்பிகள் எப்போது வரும் என்று கேட்டார். மரியாதையாக, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் பேசினார். பன்னிரண்டு வருடமாக என்னை வாடி போடி என்று பேசியவர்.

வண்டியைச் சரி செய்தாவது தொலைப்போம் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவு போட்டேன். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார் மெக்கானிக். பத்து மணிக்குப் பட்டறை பூட்டிக் கிடந்தது. போன் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு நெற்றியில் சந்தனத்தோடு வந்தார்.

"காதுகுத்து மேடம். தட்ட முடியல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணே."

"சாப்பாட்டுப் பந்தியில இருந்தேன். எப்படி எடுக்கறது" என்றார். சந்தனம் வைத்தவரிடம் என்ன பேசுவது.

ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். டிக்கியின் பக்கவாட்டு மூடியைப் பிரித்தால் உள்ளே ஷாக்கின் மேல்தலையில் ஒரு நட்டு. அதைத் திருகினால் நட்டோடு சேர்ந்து உள்ளே தண்டும் சுற்றியது. தண்டை ஒரு குறட்டால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருக வேண்டும், இரண்டு கையும் போக அங்கே இடமில்லை. "கொஞ்சம் இதைப் புடிங்க மேடம்" என்றார். லீவு போட்டுவிட்டு நான் குறட்டைப் பிடித்துக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தேன். வலது பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கீழே இருந்த போல்ட்டு சொன்னபடி கேட்டது. வலது பக்கம் முடிந்தது.

இடது பக்கத்தில் மேல்நட்டு வந்தது. கீழ்ப்போல்ட்டு வரவில்லை. ஷாக்கின் கீழ்முனையில் ஒரு வளையம், வளையத்துக்குள் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் போல்ட்டு. அந்தப் போல்ட்டும் குழாயும் துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தன. துரு இளக்கும் எண்ணெய் அடித்தார். சுத்தியலால் தட்டினார். நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி அதன் மேல் ஏறி நின்றே பார்த்தார். போல்ட்டின் தலை மட்டும் உடைந்து கையோடு வந்தது. மீதி உள்ளேயே இருந்தது.

"அறுத்துற வேண்டியதுதான்" என்று கிரைண்டரை எடுத்து ஸ்விட்சைப் போட்டார். கிரைண்டர் சுற்றவில்லை. மேலே பார்த்தார். மின்விசிறியும் நின்றிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்பு. கரண்டு சாயங்காலம்தான் வரும்" என்றார்.

"பேப்பர்ல போட்டிருப்பாங்களே அண்ணே" என்றேன்.

"நான் எங்க மேடம் பேப்பர் பாக்கறேன்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருக்கு எதுவும் வரவில்லை. ஒரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்துப் படுத்து, கையாலேயே அறுக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் அறுத்தார். நடுவில் நிறுத்தி, ஷாக்கைச் சுற்றி அப்பியிருந்த மண்ணை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பெயர்த்தார். கட்டி கட்டியாக விழுந்தது.

"இது வாய்க்கா மண்ணு" என்றார். "அந்தப் பக்கம் பாருங்க, வெறும் புழுதிதான். இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு அப்பிக் கெடக்கு. எடது சக்கரத்தை ரோட்டை விட்டு எறக்கி எறக்கி ஏத்துறீங்க. தார் விளிம்புல இடிச்சு ஏறுது பாருங்க, அந்த அடிதான் இதைக் கொன்னுருக்கு. ஈர மண்ணு ஒட்டி ஒட்டிப் போல்ட்டும் துருப்புடிச்சிருக்கு."

"அப்ப வெயிட்டால இல்லையா?"

"ஆள் வெயிட்டு என்ன மேடம் பண்ணிடும். அஞ்சு பேர் உக்காரத்தானே கார் செஞ்சிருக்கான்."

"அண்ணே, அன்னைக்கு போன்ல வெயிட்டுன்னு சொன்னீங்களே."

"நான் எங்க சொன்னேன். நீங்கதான் மொதல்ல சொன்னீங்க. கஸ்டமர் சொல்றாங்க, நாம எதுக்கு இல்லைன்னு சொல்லணும்னு விட்டுட்டேன்."

அவர் மறுபடியும் அறுக்க ஆரம்பித்தார். வெளிச்சம் ஆடுகிறது, நேராகப் பிடியுங்கள் என்றார்.

போல்ட்டு அறுந்து ஷாக் கையில் வந்ததும், அதன் தண்டை ஒரு விரலால் அழுத்தினார். உள்ளே போனது அப்படியே நின்றது, திரும்பி வரவில்லை. "இது ஷாக்கே இல்ல மேடம், சைக்கிள் பம்ப்பு" என்றார். புதியதை எடுத்து அழுத்திக் காட்டினார். அவர் முழு பலத்தையும் போட்டு அழுத்தியதும் மெதுவாக இறங்கியது, விட்டதும் தானாக எழும்பியது. சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். புதிய போல்ட்டைப் புதிய புஷ்ஷில் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. புஷ்ஷின் துளை சிறியது. வலது பக்கத்துப் பெட்டியில் சரியான புஷ் இருந்தது, இடது பக்கத்துப் பெட்டியில் வேறு ஏதோ மாடலின் புஷ்ஷைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெட்டி மேலும் ஒரே எண்தான் இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது.

கீழவாசல் பக்கம் அவருக்குத் தெரிந்த லேத் பட்டறை இருந்தது. அங்கே மின்சாரம் இருக்கும், சரியான புஷ்ஷை வாங்கி அழுத்திப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றார். அதுவரை பழைய ஷாக்குக்குள் சிக்கியிருந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த ஷாக்கையே ஒரு தற்காலிகப் போல்ட்டில் மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, அதே காரில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். முன்சீட்டில் அவருடைய ஸ்பானர் பெட்டி. பின்னால் வலது பக்கம் சாக்கில் சுற்றிய சாமான்கள், எண்ணெய் வழிந்துகொண்டு. நான் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

நான்கு வருடத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதல் வேகத்தடையில் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் உதை வந்தது. முதுகெலும்பின் நுனியில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் ஏறியது. ஓட்டுகிறவர் சீட்டில் அது வெறும் சத்தம்தான். இங்கே அது அடி. சாந்தப்பிள்ளை கேட் பாலத்தில் ஏறும்போது தலை மேலே இடித்தது. கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். பாலம் இறங்குமிடத்தில் வண்டி எழும்பி எழும்பி ஆடிய ஆட்டத்தில் வயிறு குமட்டியது. "அண்ணே, மெதுவாப் போங்க" என்றேன். "மெதுவாத்தான் மேடம் போறேன்" என்றார். அவர் மெதுவாகத்தான் போனார். நான் தினமும் போவதில் பாதி வேகம்கூட இல்லை. தாரிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து தாருக்கு, நாளைக்கு இருபது முறை அக்காவை இந்தச் சீட்டில் வைத்து நான் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

லேத் பட்டறையில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தோம். பக்கத்துக் கடையில் முதலில் கொடுத்த புஷ் பெரியது. மாற்றி வாங்கினோம். நான்கு மணிக்குத் திரும்பி வந்து இடது பக்கத்தை மாட்டினார். போல்ட்டை லேசாக மட்டும் திருகிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். முழுவதும் முறுக்காமலேயே இறக்குகிறாரே என்று நான் பதறினேன். "தூக்கி வெச்சு முறுக்கினா, எறக்கும்போது ரப்பரு திருகிக்கும் மேடம், சீக்கிரம் கிழிஞ்சுடும். தரையில நின்னாத்தான் முறுக்கணும்" என்று மறுபடியும் சாக்கை விரித்து அடியில் போனார். அன்றைக்கு எனக்கு எரிச்சல் வராத ஒரே வேலை அது. கடைசியில் டிக்கியை அழுத்திக் கையை எடுத்தார். கார் எழும்பியது, நின்றது.

"ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பின்னாடி உக்கார்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஓட்டினார். அதே வேகத்தடையில் சீட்டு கொஞ்சம் மேலே போய் இறங்கியது, அவ்வளவுதான்.

மறுநாள் ஓ.பி. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே லேபுக்குப் போனேன். அக்கா ஊசிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி சரி பண்ணியாச்சுக்கா. உங்களால இல்லையாம். நான் ரோட்டை விட்டு எறக்கி எறக்கித்தான் ஷாக் போயிருக்காம். மெக்கானிக் சொன்னார்."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓ. இப்ப மெக்கானிக் சர்டிபிகேட்டு குடுத்துட்டாரா" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். "நேத்து அந்த சீட்டுல நான் உக்காந்து பாத்தேன்க்கா."

அப்போதுதான் அவர் தட்டை வைத்தார். "எப்படி இருந்துச்சு?"

"தாங்க முடியல."

"நாலு மாசம்" என்றார். "மார்கழியில இடுப்பு வலிக்கு உன்கிட்டதானேடி வலி மாத்திரை வாங்கிட்டுப் போனேன். மூணு தடவை. வீட்டுல வேலை ஜாஸ்தியாக்கான்னு கேட்ட. துண்டை மடிச்சுப் போட்டு உக்காந்து பாத்தேன். ஒண்ணும் சரிப்படல."

"ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னு சொல்றது. உன் வண்டி, நீ கூட்டிட்டுப் போற. அதுல வந்து உக்காந்துகிட்டு இங்க குத்துது, அங்க இடிக்குதுன்னு சொல்ல முடியுமா. சொன்னா என்ன சொல்லுவாங்க? இவ ஒடம்புக்கு அப்படித்தான் இருக்கும்பாங்க." கையுறையை மாட்டிக்கொண்டார். "நான் வாயே தொறக்கல. அப்பவும் அதைத்தான் சொன்னீங்க."

"தப்புதான்க்கா."

"தப்புதான்" என்றார். "போ. கூட்டம் சேர்ந்துடுச்சு, மாத்திரை குடு போ."

அவர் மறுபடியும் டி போட்டுப் பேசியதை நான் கவனித்தேன். ஆனால் அடுத்த நாளும் அவர் பேருந்தில்தான் வந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நானும் க்ளார்க் சாரும் சத்தமில்லாத காரில் போய் வந்தோம். சத்தம் போனதும் அவர் பேசுவது முழுவதும் தெளிவாகக் கேட்டது. நெல் ஈரப்பதம், மருமகளின் சமையல், அரசாங்கம், முட்டி. "அக்கா இருந்தா இந்நேரம் ஏதாவது பதில் சொல்லுவாங்க" என்று அவரே ஒரு நாள் வருத்தப்பட்டார்.

மாசியில் ஒரு மாலை, கொள்முதல் நிலையத்தில் லாரிகள் நின்று, ஒரு கார் நுழையும் இடம் மட்டும் விட்டுச் சாலை அடைத்துக்கொண்டதால் பேருந்து ஊருக்குள் வரவேயில்லை. நான் காரை எடுக்கப் போகும்போது அக்கா பையோடு வந்தார். க்ளார்க் சார் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

"சார், நீங்க பின்னாடி உக்காருங்க" என்றார் அக்கா. "எனக்கு இடுப்பு வலி."

"எனக்கு முட்டி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"தெரியும் சார். பதினஞ்சு தடவை உங்களுக்கு யூரிக் ஆசிட் பாத்திருக்கேன். நார்மல்தான்."

க்ளார்க் சார் காலை வெளியே எடுத்துப் பின்னால் போய் உட்கார்ந்தார். அக்கா முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டார். க்ளார்க் சாரின் முட்டிக்கு என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை.

வாய்க்கால் கரைச் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய ஒரு குட்டி யானை வேன் எதிரே வந்தது. பழக்கத்தில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிக்கப் போனவள் நிறுத்தினேன். தார் மேலேயே நின்றேன். அதன் டிரைவர் ஹார்ன் அடித்தான். கையை ஆட்டி இறங்கு இறங்கு என்றான். அவனுக்குப் பின்னால் நாலு முழத்தில் வயலுக்கு இறங்கும் வழி இருந்தது. பின்னால் எடுத்தால் போதும். நான் என்ஜினையே அணைத்துவிட்டேன்.

"நேரமாவுது மேடம்" என்றார் பின்னாலிருந்து க்ளார்க் சார்.

அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "தம்பி, கொஞ்சம் பின்னாடி எடுத்துக்கப்பா" என்றார், இதற்கு முன் அவனிடம் பத்து முறை சொல்லி அவன் கேட்டது போல. அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தான்.

இப்போது அக்கா மாலையில் மட்டும் எங்களோடு வருகிறார். காலையில் பேருந்துதான். கேட்டால், பேருந்தில் உட்கார இடம் கிடைக்கிறது, தூங்கிக்கொண்டு வரலாம் என்கிறார். அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. க்ளார்க் சார் காலையில் முன்சீட்டிலும் மாலையில் பின்சீட்டிலும் உட்காருகிறார். பின்னால் ஏசி வரவில்லை என்று தினமும் சொல்கிறார். நான் அவரிடம் ஜன்னலை இறக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.